வார்ஸ்பைட்: இரண்டு உலகப் போர் பார்த்த கிழட்டுக் கப்பல்

கேள்வி இது: "போர்க்கப்பலின் ஆயுள் இருபது வருடம் என்று படித்தேன். அப்படியானால் முதல் உலகப் போரில் சண்டை போட்ட கப்பல்களே இரண்டாம் உலகப் போரிலும் எப்படி வந்தன? ஏதாவது ஒரு கப்பலை வைத்து விளக்க முடியுமா? அதை இப்போது எங்காவது பார்க்கலாமா?"

இருபது வருடம் என்று நீங்கள் படித்தது சரிதான். ஆனால் அது இரும்பு தாங்கும் காலத்தை வைத்துச் சொன்ன கணக்கு அல்ல, காகிதத்தில் போட்ட கணக்கு. 1922-இல் வாஷிங்டனில் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ், இத்தாலி ஐந்தும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. பத்து வருடத்துக்குப் புதிய பெரிய போர்க்கப்பல் கட்டக்கூடாது. இருபது வயது ஆன கப்பலுக்குப் பதிலாகத்தான் புதிது கட்டலாம் என்றது அது. 1930-இல் லண்டனில் கூடி அந்தத் தடையை 1936 வரை நீட்டினார்கள். புதிது கட்டக்கூடாதே தவிர, பழையதைப் பிரித்து மராமத்து செய்வதற்கு இடம் இருந்தது. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. புது வீடு கட்ட அனுமதி கிடைக்காத ஊரில், சுவரை மட்டும் விட்டுவிட்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றிக் கட்டுவார்களே, அந்த மாதிரி.

மீதிப் பாதிக்கு வார்ஸ்பைட்டை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாதிரி வேறு கப்பல்களையும் சொல்லலாம். ஆனால் பிரிட்டிஷ் கடற்படையில் தனியொரு கப்பல் வாங்கிய போர்க் கௌரவங்களில் (சண்டையில் பங்கெடுத்ததற்காகக் கப்பலுக்குக் கொடுக்கும் அங்கீகாரம்) வார்ஸ்பைட்டின் எண்ணிக்கைதான் மிக அதிகம், 15. அதோடு 1942-இல் அது நம் பக்கத்துக் கடலுக்கும் வந்தது.

1912 அக்டோபர் 31-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் கப்பல் தளத்தில் அடித்தளம் போட்டார்கள். 1915 மார்ச்சில் கடற்படையில் சேர்ந்தது. குயின் எலிசபெத் வகையைச் சேர்ந்த ஐந்து கப்பல்களில் ஒன்று. மற்ற நான்கு: குயின் எலிசபெத், வேலியன்ட், பர்ஹாம், மலாயா. கடைசியில் சொன்ன மலாயாவுக்குப் பணம் கொடுத்தது மலாய்க் கூட்டு மாநிலங்களின் அரசு. வெள்ளீயமும் ரப்பரும் ஈட்டிய பணம் அது. அந்த ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் எத்தனை பேர் நம்மவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த ஐந்து கப்பல்களும் அந்தக் காலத்தில் பெரிய சூதாட்டம். அப்போது கடற்படை அமைச்சராக இருந்தவர் சர்ச்சில். அதுவரை பெரிய பீரங்கி என்றால் 13.5 அங்குலம். 15 அங்குலப் பீரங்கியை இன்னும் சுட்டுப் பார்த்துச் சோதிக்கவே இல்லை, அதற்குள் அதை நம்பிக் கப்பலுக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். ஒரு குண்டின் எடை 870 கிலோ. நம் பழைய மாருதி 800 காரைவிடக் கனம். அப்படி எட்டுப் பீரங்கிகள். இரண்டாவது சூதாட்டம் எண்ணெய். பிரிட்டனில் நிலக்கரி மண்ணுக்கடியிலேயே கிடந்தது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. இருந்தும் இந்தக் கப்பல்களை முழுக்க எண்ணெயில் ஓடும்படி கட்டினார்கள். பாரசீக எண்ணெயை எடுத்த ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை 1914-இல் பிரிட்டிஷ் அரசு வாங்கியதற்கு இதுதான் காரணம்.

நல்ல கப்பல், ஆனால் ராசி ஒரு மாதிரி. 1915 செப்டம்பரில் தரை தட்டியது. டிசம்பரில் கூடவே வந்த பர்ஹாமோடு மோதியது. அடுத்த வருடம் வேலியன்டோடு மோதியது. 1933-இல் போர்ச்சுகல் பக்கம் மூடுபனியில் ஒரு ருமேனியப் பயணிகள் கப்பலோடு மோதியது. டிரைவர் மேல் சந்தேகம் வருகிற அளவுக்கு இடித்துக்கொண்ட கப்பல் இது.

1916 மே 31. டென்மார்க்குக்கு மேற்கே வட கடலில் ஜட்லாந்து சண்டை. குயின் எலிசபெத் மராமத்தில் இருந்ததால் மற்ற நான்கும் அட்மிரல் ஈவன்-தாமஸின் கீழ் போயின. மாலை ஆறு மணிக்கு மேல், முன்னால் போன வேலியன்டின் மேல் மோதாமல் இருக்க வார்ஸ்பைட் வேகமாகத் திரும்பியது. திரும்பிய சுக்கான் திரும்பியபடியே சிக்கிக்கொண்டது. எதிரே ஜெர்மன் கப்பற்படையின் முன்னணி. கேப்டன் பில்பாட்ஸுக்கு இரண்டே வழிதான்: கப்பலை நிறுத்திச் சரிசெய்வது, இல்லை ஓடிக்கொண்டே இருப்பது. நிறுத்தினால் அசையாத இலக்காகிவிடும். அதனால் ஓட விட்டார். கப்பல் முழு வட்டமாக இரண்டு சுற்றுச் சுற்றியது, ஜெர்மன் பீரங்கிகளுக்கு நேர் முன்னால். ஏற்கெனவே அடிபட்டுத் திணறிக்கொண்டிருந்த வாரியர் என்ற க்ரூசர் (பெரிய போர்க்கப்பலைவிடச் சிறிய சண்டைக் கப்பல்) அந்த வட்டத்தின் பக்கத்தில் இருந்தது. ஜெர்மானியர்கள் வாரியரை விட்டுவிட்டு வார்ஸ்பைட்டை அடிக்க ஆரம்பித்தார்கள். வேண்டுமென்றே குறுக்கே வந்து தங்களைக் காப்பாற்றியது என்று வாரியரின் மாலுமிகள் நினைத்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது ஒரு எந்திரக் கோளாறு.

அன்று வார்ஸ்பைட் மேல் கனமான குண்டுகள் மட்டும் பத்துக்கு மேல் விழுந்தன. 14 பேர் இறந்தார்கள். ஓட்டை விழுந்த உடம்போடு ராசித் என்ற ஸ்காட்லாந்துத் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில் நீர்மூழ்கிகள் டார்பிடோ (தண்ணீருக்குள் பாய்ந்து வரும் குண்டு) விட்டன; எதுவும் படவில்லை.

காயம்பட்டவர்களில் வால்டர் யோ என்று ஒருவர். பீரங்கிப் பிரிவில் இருந்தவர். முகம் வெந்து, மேல் கீழ் இரண்டு இமைகளும் போய்விட்டன. கண்ணை மூடவே முடியாத நிலை. 1917-இல் ஹரால்ட் கில்லிஸ் என்ற டாக்டர் அவருடைய மார்புப் பக்கத்துத் தோலை ரத்த ஓட்டம் அறாமல் மேலே திருப்பி, முகமூடி மாதிரி கண்களைச் சுற்றிப் பொருத்தினார். நவீன பிளாஸ்டிக் சர்ஜரியின் ஆரம்பகால நோயாளிகளில் ஒருவராக இன்றும் மருத்துவப் புத்தகங்களில் யோவின் புகைப்படம் இருக்கிறது. இந்தக் கப்பலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பீரங்கியின் நீளத்தைச் சொல்வார்கள், யோவை விட்டுவிடுவார்கள்.

1918 நவம்பர் 21-இல் ஜெர்மன் கப்பற்படை சரணடைய வந்தபோது எதிர்கொண்டு அழைத்துவரப் போன வரிசையில் வார்ஸ்பைட்டும் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 25 வருடம் கழித்து மறுபடி வரும்.

போர் முடிந்தது. அப்புறம்தான் மேலே சொன்ன ஒப்பந்தம். 1924-26-இல் முதல் மராமத்து: இரண்டு புகைபோக்கிகளை ஒன்றாக இணைத்தார்கள், டார்பிடோ தாங்கப் பக்கவாட்டில் புடைப்பு வைத்தார்கள். பெரிய வேலை 1934-லிருந்து 1937 வரை போர்ட்ஸ்மத் தளத்தில் நடந்தது. நீங்கள் சொன்ன அந்த இருபது வயது நிரம்பிய 1935-இல், கப்பல் குடல் உருவிய மீன் மாதிரி தளத்தில் கிடந்தது.

24 கொதிகலன்களை எடுத்துவிட்டு 6 மட்டும் வைத்தார்கள். சக்தி குறையவில்லை, கூடியது. கிட்டத்தட்ட 24 நாட் (மணிக்குச் சுமார் 44 கிலோமீட்டர்) வேகத்தில் முன்பு மணிக்கு 41 டன் எண்ணெய் குடித்தது 27 டன்னாக இறங்கியது. மிச்சமான எடையையும் இடத்தையும் மேல்தளக் கவசத்துக்குக் கொடுத்தார்கள். ஏனென்றால் 1912-இல் பயம் பக்கவாட்டிலிருந்து வரும் குண்டைப் பற்றி. 1934-இல் பயம் வானத்திலிருந்து வரும் குண்டைப் பற்றி. பீரங்கிகள் அதே பீரங்கிகள்தான், ஆனால் முன்பு 20 டிகிரி வரைதான் நிமிரும், இப்போது 30 டிகிரி. அந்த 10 டிகிரி நிமிர்வும் புதிய வடிவக் குண்டும் சேர்ந்து, குண்டு போகும் தூரத்தை ஏறத்தாழ 21 கிலோமீட்டரிலிருந்து 29-க்கு ஏற்றின. கடல் விமானங்கள் வைக்க ஒரு கொட்டகை, அவற்றை ஏவ ஒரு கவண். புதிய கோபுரம். செலவு 23 லட்சம் பவுண்டுக்கு மேல். வெளியே வந்தபோது பழைய ஆட்களுக்கே அடையாளம் தெரியாது. ஆனால் 1937-இல் ஓட்டிப் பார்த்தபோது சுக்கான் மறுபடி தகராறு செய்தது. எல்லாவற்றையும் மாற்றினார்கள், அந்த ஒரு குணத்தை மாற்ற முடியவில்லை.

இந்த மராமத்து இல்லாவிட்டால் இரண்டாம் போரில் வார்ஸ்பைட் வந்திருக்கும், ஆனால் ஒரு ஓரமாக நின்றிருக்கும். ராயல் சாவரின் வகைக் கப்பல்கள் வார்ஸ்பைட்டைவிட இளையவை. அவற்றுக்கு இப்படி ஒரு வேலை நடக்கவில்லை. 1942-இல் அவற்றின் கதி என்ன என்பதைப் பிறகு பார்ப்போம்.

1940 ஏப்ரல் 13, நார்வேயின் நார்விக். மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய கடல்வாய்க்குள் இவ்வளவு பெரிய கப்பலை அனுப்புவது புத்திசாலித்தனம் இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். அனுப்பினார்கள். ஒன்பது டெஸ்ட்ராயர்கள் (சின்ன, வேகமான சண்டைக் கப்பல்கள்) துணைக்குப் போயின. உள்ளே மாட்டியிருந்த எட்டு ஜெர்மன் டெஸ்ட்ராயர்களும் அன்றே ஒழிந்தன. அதற்கு முன்பே, முன்னோட்டம் பார்க்கப் பறந்த வார்ஸ்பைட்டின் ஸ்வார்ட்ஃபிஷ் கடல் விமானம் யு-64 என்ற நீர்மூழ்கியைக் குண்டு போட்டு மூழ்கடித்துவிட்டது. அந்தப் போரில் கடற்படை விமானம் மூழ்கடித்த முதல் ஜெர்மன் நீர்மூழ்கி அதுதான். மராமத்தில் வைத்த அந்தக் கொட்டகைக்கு வாடகை அன்றே வசூலாகிவிட்டது.

அப்புறம் மத்தியதரைக் கடல். அட்மிரல் கன்னிங்ஹாமின் தலைமைக் கப்பல். 1940 ஜூலை 9-இல் கலாப்ரியா கடற்பகுதியில் இத்தாலியின் ஜூலியோ செசாரேயை வார்ஸ்பைட்டின் குண்டு ஒன்று தாக்கியது. தூரம் சுமார் 24 கிலோமீட்டர். சென்ட்ரல் ஸ்டேஷனில் நின்றுகொண்டு தாம்பரத்தில் ஓடும் ஒரு வண்டியை அடிக்கிற மாதிரி. நீங்களும் ஓடிக்கொண்டே அடிக்க வேண்டும். ஓடும் கப்பலிலிருந்து ஓடும் கப்பலைப் பீரங்கியால் அடித்ததில் மிக நீண்ட தூரங்களில் ஒன்று இது. 20 டிகிரிக் காலத்துப் பீரங்கியாக இருந்திருந்தால் அந்தக் குண்டு கடலில்தான் விழுந்திருக்கும்.

மட்டப்பான் முனைச் சண்டை இதற்கு நேர் எதிர். 1941 மார்ச் 27 பிற்பகல், அலெக்சாண்ட்ரியா துறைமுகம். அங்கே இருந்த ஜப்பானியத் துணைத் தூதர் கோல்ஃப் மைதானத்துக்கு வருகிறவர். கப்பல்களின் நடமாட்டத்தை அச்சு நாடுகளுக்குத் தெரிவிக்கிறார் என்று கன்னிங்ஹாமுக்குச் சந்தேகம். அதனால் அட்மிரலே கோல்ஃப் மட்டையோடு, இரவு தங்குவதற்கான பெட்டியும் எடுத்துக்கொண்டு, அவர் கண்ணில் படும்படி கரைக்குப் போனார். இருட்டியதும் நைசாகக் கப்பலுக்குத் திரும்பி, படையோடு கிளம்பிவிட்டார். கிளம்பும் அவசரத்தில் வார்ஸ்பைட் சேற்றுத் திட்டை உரசிக்கொண்டு போக, எந்திரத்தின் குளிர்கலத்துக்குள் சேறு ஏறி வேகம் குறைந்தது. பழக்கம் விடுமா?

மறுநாள் இரவு பத்தரை மணி. டார்பிடோ பட்டு நின்றுபோன போலா என்ற க்ரூசருக்கு உதவ ஸாரா, ஃபியூமே என்ற இரண்டு இத்தாலிய க்ரூசர்கள் வருகின்றன. பக்கத்தில் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் ரேடார் இல்லை. பீரங்கிகள் நேராக முன்னும் பின்னும் பார்த்தபடி ஓய்வில் இருக்கின்றன. தூரம் மூன்றரை கிலோமீட்டர். ஒரு டெஸ்ட்ராயர் தேடுவிளக்கைப் போட்டது. வார்ஸ்பைட்டின் முதல் சுற்றிலேயே ஃபியூமேயின் கதை முடிந்தது. சில நிமிடங்களில் ஸாராவும் எரிந்தது. விடிவதற்குள் மூன்று க்ரூசர்கள், இரண்டு டெஸ்ட்ராயர்கள், 2,300-க்கு மேற்பட்ட இத்தாலியர்கள் போய்விட்டார்கள். இதை வீரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அங்கே இருந்த பிரிட்டிஷ் மாலுமிகள் பலருக்கே அது பார்க்கச் சகிக்கவில்லை. கன்னிங்ஹாம், கடலில் கிடந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இத்தாலிக்குத் தகவல் அனுப்பி, மருத்துவக் கப்பலை வரச் சொன்னார்.

வினை திரும்பி வர இரண்டு மாதம் ஆகவில்லை. மே 22, கிரீட் தீவுக்கு அருகே ஒரு ஜெர்மன் போர் விமானம் போட்ட குண்டு வலது பக்கத்துப் பீரங்கி வரிசையைச் சிதைத்தது. 38 பேர் இறந்தார்கள். அங்கே சரிசெய்ய முடியாத சேதம். இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும் கடந்து அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் பிரெமர்டன் வரை போக வேண்டியதாயிற்று. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. கப்பல் அங்கே இருந்தபோதுதான் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது.

வார்ஸ்பைட்டை ராசியான கப்பல் என்று சொல்வது இந்த மாதங்களை வைத்துத்தான். அது அமெரிக்காவில் இருந்த நேரத்தில், நவம்பர் 25-இல் பர்ஹாம் டார்பிடோ பட்டு வெடித்து 862 பேரோடு போனது. டிசம்பர் 19-இல் குயின் எலிசபெத்தையும் வேலியன்டையும் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்துக்குள்ளேயே இத்தாலிய முக்குளிப்பு வீரர்கள் வெடி வைத்து உட்கார வைத்தார்கள். அடிபட்டதால் பிழைத்தது இது.

இனி நம் கடல். 1942 மார்ச் கடைசியில் இலங்கையில் கிழக்குக் கப்பற்படையின் பொறுப்பை ஏற்ற அட்மிரல் சாமர்வில், தன் கொடியை ஏற்றியது வார்ஸ்பைட்டில். 1927-இல் இதே கப்பலுக்குக் கேப்டனாக இருந்தவர் அவர். சிங்கப்பூர் விழுந்துவிட்டது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு ஜப்பானிய அட்மிரல் நகுமோ வருகிறார் என்று செய்தி. சாமர்வில்லிடம் இரண்டு பெரிய விமானந்தாங்கிகளும் சின்னதாக ஹெர்மஸும், போர்க்கப்பல்களில் வார்ஸ்பைட்டோடு நான்கு ராயல் சாவரின் வகைக் கப்பல்களும் இருந்தன. மேலே சொன்னேனே, மராமத்து நடக்காதவை. மெதுவாக ஓடும், நல்ல தண்ணீர்கூடச் சில நாளில் தீர்ந்துவிடும். இலங்கைக்குத் தெற்கே காத்திருந்து பார்த்து, தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் மாலத்தீவின் அட்டு பவளத் தீவுக்குத் திரும்பியிருந்த நேரத்தில்தான் நகுமோ வந்தார்.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு மேல் குண்டு விழுந்தது. அதே நாள் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு க்ரூசர்கள் கடலில் மூழ்கின. 6-ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னையில் கிளம்பிய பீதியைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 9-ஆம் தேதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மஸ் 307 பேரோடு மூழ்கியது. இன்றும் அங்கேதான் கடலடியில் கிடக்கிறது. இத்தனைக்கும் நடுவில் வார்ஸ்பைட் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. இரண்டு படைகளும் ஒன்றையொன்று தேடின, கண்டுகொள்ளவில்லை. சாமர்வில் ஓடி ஒளிந்தார் என்று குறை சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். எனக்கென்னவோ பகலில் நகுமோ கண்ணில் பட்டிருந்தால் இந்தக் கட்டுரை இந்தப் பத்தியோடு முடிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ராயல் சாவரின்களைக் கிழக்கு ஆப்பிரிக்காவின் கிலிந்தினிக்கு அனுப்பிவிட்டார்.

1943-இல் மறுபடி மத்தியதரைக் கடல். செப்டம்பர் 10, இத்தாலியக் கப்பற்படை சரணடைய வருகிறது. எதிர்கொண்டு மால்டாவுக்கு அழைத்துப் போனவை வார்ஸ்பைட்டும் வேலியன்டும். 1918-இல் ஜெர்மானியர், 1943-இல் இத்தாலியர். பின்னால் மால்டாவுக்கு வந்து சேர்ந்தவற்றில், 24 கிலோமீட்டரிலிருந்து அடிவாங்கிய செசாரேயும் உண்டு.

ஆறே நாள் கழித்து இத்தாலியின் சலர்னோவில் தலையெழுத்து மாறியது. ஃபிரிட்ஸ் எக்ஸ் என்று ஜெர்மானியர்கள் ஒரு குண்டு செய்திருந்தார்கள். விமானத்திலிருந்து போட்ட பிறகும் ரேடியோவால் திசை திருப்பலாம். ஒரு வாரத்துக்கு முன்புதான் இத்தாலியின் ரோமா கப்பலை ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களோடு அது மூழ்கடித்திருந்தது. வார்ஸ்பைட்டில் அது புகைபோக்கிக்குப் பக்கத்தில் நுழைந்து, தளம் தளமாகத் துளைத்துக் கொதிகலன் அறைக்குள் போய் வெடித்து, அடியில் ஓட்டை போட்டது. 5,000 டன் தண்ணீர் உள்ளே. எந்திரம் செத்துவிட்டது. ஆச்சரியமாக இறந்தவர்கள் ஒன்பது பேர்தான். இழுவைப் படகுகள் மால்டாவுக்கு இழுத்துப் போயின. மெஸ்சினா நீரிணையில் நீரோட்டம் கப்பலைக் குறுக்கே திருப்பிப் படாத பாடு படுத்தியது.

அதற்குப் பிறகு முழுசாகச் சரிசெய்யவே இல்லை. காசு போட்டு என்ன ஆகப்போகிறது, வயசாகிவிட்டது என்ற கணக்கு. ஒரு கொதிகலன் அறையை அப்படியே விட்டு, ஓட்டையைக் கான்கிரீட்டால் அடைத்தார்கள். எட்டில் ஆறு பீரங்கிகள்தான் வேலை செய்தன. இந்த நிலையில் 1944 ஜூன் 6 விடியற்காலை நார்மண்டிக் கரையை நோக்கிச் சுட ஆரம்பித்தது. சுட்ட சூட்டில் குழாய்கள் தேய்ந்துபோக, புதுக் குழாய் மாட்டப் போகும் வழியில் ஜூன் 13-இல் ஹாரிச் அருகே கடற்கண்ணி வெடித்தது. அதற்கப்புறம் 15 நாட் தாண்டுவதே பெரும்பாடு. ஆனாலும் பிரெஸ்ட், லெ ஹாவ்ர், நவம்பர் 1-இல் ஹாலந்தின் வால்கெரன் தீவு என்று இழுத்துக்கொண்டு போனார்கள். வால்கெரனில் சுட்டதுதான் கடைசி.

நினைவுச் சின்னமாக வைக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். 1946-இல் உடைக்க முடிவானது. 1947 ஏப்ரலில் பீரங்கி கழற்றிய கூட்டை ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனுக்கு இழுத்துப் போகும்போது கார்ன்வால் அருகே புயல். வடம் அறுந்தது. ப்ரஷ்யா கோவ் என்ற இடத்தில் பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உள்ளே இருந்த சில பேரை பென்லீ உயிர்காப்புப் படகு மீட்டது. அதன் தலைவர் எட்வின் மாட்ரனுக்குப் பதக்கம் கிடைத்தது. 1950-இல் மிச்சத்தைக் கொஞ்ச தூரம் இழுத்து செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் பக்கம் போட்டு, மெல்ல மெல்ல உடைத்து முடிக்க அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

அதனால் வார்ஸ்பைட்டை நீங்கள் பார்க்க முடியாது. இரண்டு போரையும் பார்த்த அந்தத் தலைமுறைப் போர்க்கப்பல்தான் வேண்டும் என்றால் அமெரிக்காவின் டெக்சாஸ் ஒன்றுதான் மிச்சம். ஆனால் அந்த 15 அங்குலப் பீரங்கி எவ்வளவு பெரிது என்று தெரிய வேண்டுமா, லண்டன் போனால் இம்பீரியல் போர் அருங்காட்சியக வாசலில் இரண்டு நிற்கின்றன. வார்ஸ்பைட்டினுடையவை அல்ல. ஒன்று ராமிலிஸ் கப்பலிலும் இன்னொன்று ரெசல்யூஷன் கப்பலிலும் இருந்தவை. இரண்டு கப்பலுமே 1942-இல் சாமர்வில் கிலிந்தினிக்கு அனுப்பிவிட்ட அந்த நால்வரில் சேர்ந்தவை.